சேத மதிப்பீடு

புதுவயலில் எரிந்துபோன அரிசி ஆலையில்
பகல் முழுக்க மூட்டைகளை எண்ணினேன்.
முதலாளி சொன்னது முந்நூற்றுப் பதினேழு.
சாம்பலைக் கிளறிக் கிளறி
நான் எழுதியது இருநூற்று நாற்பது.
துப்பட்டாவெல்லாம் கருகிய நெல்வாசம்.
காரைக்குடியில் இறங்கும்போது ஏழரை.
மதுரை பஸ் ஒன்பதே காலுக்குத்தான்.

செக்காலையில் ஒரு சந்து.
மருந்துக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே
நீலப் பலகை. எழுத்து ஆங்கிலம், சொல் ஆங்கிலமில்லை.
முதல் சொல்லை செஸ் என்று படித்துவிட்டு
பையனைச் சேர்க்கணும், மாசம் எவ்வளவு என்று
இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்களாம்.
சாப்பிட வந்தேன் என்றதும்
இஞ்ஞாசி நாற்காலியை இரண்டு தடவை துடைத்தார்.

எத்தனை பேர்?
ஒருத்திதான்.
இந்தப் பதிலுக்குப் பல ஊர்களில்
கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசைதான் கிடைத்திருக்கிறது.
இங்கே ஜன்னலோரம் காட்டினார்.
இருப்பதே நாலு மேசை.
ஒன்றில் அவர் மகள், பின்னக் கணக்கு போட்டபடி.

மண்கிண்ணத்தில் வெங்காய சூப் வந்தது,
உருகிய சீஸின் கீழே ஒரு ரொட்டித்துண்டு
பாதி முங்கி, பாதி கருகி.
சின்ன வெங்காயம்தாங்க, ஒரு மணிநேரம் வதக்கணும்,
அவசரப்பட்டா கசந்துபோகும் என்றார்,
மனைவி சொன்னதை மனப்பாடமாக.
அவள் மத்லேன், காரைக்கால்காரி.
இவர் தேவகோட்டை.
அவள் பாஷையை இவர் கற்றுக்கொண்டது
வாடிக்கையாளர் முன்னால் சண்டை போட.

முதல் கரண்டி சூடு.
இரண்டாவதில் இனிப்பு.
மூன்றாவதில் உப்பு, அதன்பின் உப்பு மட்டும்.

அடுக்களையில் மூடி ஒன்று விழுந்தது.
மூக்கால் பேசும் பாஷையில் ஏதோ வெடித்தது.
இவர் குரல் தணிந்து, அவள் குரல் ஏறி.
சிறுமி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:
உப்பு ரெண்டு தடவை போட்டாச்சாம்.
திருப்பி எடுத்துட்டு வாங்கங்கிறாங்க அம்மா.
அவங்கதான் ஒண்ணும் சொல்லலையே, விடுங்கிறாரு அப்பா.
பென்சிலைக் கடித்து யோசித்துவிட்டு,
அப்பா சொன்னதுல இலக்கணம் தப்பு.

கதவைத் தள்ளிக்கொண்டு மத்லேன் வந்தாள்.
உப்பு கூடிப்போச்சு.
இல்லையே, நல்லாருக்கு என்றேன்.
காவலாளி புகையைப் பார்த்த நேரத்தை
மூன்று விதமாகச் சொன்னான் என்று
காலையில் சிவப்பு மையில் குறித்தவள் நான்.
என் கரண்டியையே வாங்கி,
என் கிண்ணத்திலேயே முக்கி, ருசித்தாள்.
என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.
கிண்ணம் உள்ளே போய்விட்டது.

கோழி வந்தது, கடுகு அரைத்த சாறில்.
அதில் அளவாக, ஏறக்குறைய பயந்துபோய், உப்பு.
கடைசியில் கஸ்டர்ட்.
மேலே சீனியைக் கருக்கியிருந்தாள்,
எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கை.
என் துப்பட்டாவின் வாசம் கொஞ்சநேரம் அதில் மறைந்தது.

பன்னிரண்டில் அஞ்சும் எட்டில் மூணும் கூட்டுனா?
சிறுமி என்னைத்தான் கேட்டாள்.
இருபத்துநாலில் பத்தொன்பது.
நம்பாமல் ஓரத்தில் தானும் போட்டுப் பார்த்து
உம் என்றாள்.

பில்லில் சூப்பை எழுதி, அடித்திருந்தது.
அதற்கும் சேர்த்து வைத்தேன்.
இஞ்ஞாசி எடுத்து நீட்டினார்:
கல்லாவை அவதாங்க எண்ணுவா.

பஸ்ஸில் மங்கல் விளக்கின் கீழ் கோப்பைத் திறந்தேன்.
இருநூற்று நாற்பது.
வடக்குச் சுவரோரம், கூரை விழுந்த பக்கம்,
நான் சரியாகக் குனிந்து பார்த்தேனா?
குன்றக்குடி தாண்டும்போதே நாக்கு வறண்டது.
திருப்பத்தூரில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினேன்.
மேலூரில் இன்னொன்று.